மூடிக்கும் மூன்று கோட்

ஏழாவது வளைவில்தான் நிற்கும்.
ஆறில் இல்லை, எட்டில் இல்லை.
ஏற்காட்டுக் குரங்குகளுக்கே தெரிந்துவிட்டது:
பானெட் திறக்கும் சத்தத்துக்காகக்
கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருக்கும்.

அறுபத்து நாலாம் வருஷத்து ஃபியட்.
செவ்வாய்ப்பேட்டைக் குடோனில்
ஜவ்வரிசி மூட்டைகளுக்குப் பின்னால்
பத்தொன்பது வருஷம் கிடந்ததை
சேமநல நிதியில் பாதியைக் கொடுத்து எடுத்தேன்.
போல்ட் போல்ட்டாகக் கழற்றி
போல்ட் போல்ட்டாகப் பூட்டியவர் இருசப்பன்.
முடிந்தபோது மூன்று நட்டு மிஞ்சியது.
"கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ரா போட்டதுக்கா."

கண்டென்சர் என்றார் முனாஃப். மாற்றினோம்.
காயில் என்றார். மாற்றினோம்.
பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்தோம்,
கார்ப்பரேட்டரைப் பிரித்து
இட்லித் தட்டில் பரப்பி ஊதினோம்.
(அந்தத் தட்டில் பிறகு இட்லி வேகவில்லை.)
இருசப்பனுக்கோ பம்ப் மேல்தான் சந்தேகம்.
"ஏத்தத்துச் சூட்டுல பெட்ரோல் ஆவியாயிடுது."
நின்றதும் இறங்குவார்,
பம்ப்பில் ஈரத்துணி சுற்றுவார்,
துணி குளிரும்வரை கை சும்மா இருக்காமல்
பின்னால் போய் டேங்க் மூடியைத் திறந்து
வேப்பங்குச்சி விட்டுப் பார்ப்பார்.
பெட்ரோல் இருக்கும்.
மூடுவார். சாவியைத் திருப்புவேன். கிளம்பும்.
ஈரத்துணிக்கு இருவரும் நன்றி சொல்வோம்.

கியர் தனிக்கதை.
ஸ்டீயரிங்கின் கழுத்தில் முளைத்த கம்பி அது.
அஞ்சு ரோட்டு நெரிசலில் வெண்ணெய்.
மலையில் கால் வைத்தால்
இரண்டாவதை வாங்கிக்கொண்டு
பிடிக்காத மாத்திரையைக் குழந்தை துப்புவதுபோல்
டக்கென்று நியூட்ரலில் துப்பும்.
நைலான் புஷ் போட்டோம், பித்தளை போட்டோம்.
கடைசியில் கண்டது:
நான் தேடிப்பிடித்து வாங்கிய புது மவுண்டிங் ரப்பர்
அளவுக்கு மீறி மெத்தென்று இருக்கிறது.
ஏற்றத்தில் இழுக்கும்போது எஞ்சின் சாய்கிறது,
கூடவே கம்பியும் சாய்கிறது,
இரண்டாவது கியர் இருக்கும் இடத்துக்கு
அரை விரல் எட்டாமல் போகிறது.

ஆடி மாதத்துப் புதன்கிழமை.
ஓமலூரில் பேரனுக்குக் காதுகுத்தென்று
இருசப்பன் போய்விட்டார்.
தனியாக ஏறினேன்.
ஏழாவது வளைவு. நின்றது.
துணி சுற்றினேன். காத்திருந்தேன். இல்லை.
இன்னொரு முறை நனைத்தேன். இல்லை.
இறங்கி வந்த பஸ்காரர் தலையை நீட்டி
"விலைக்குக் குடுத்துருங்கம்மா" என்று போனார்.
குரங்குகளும் சலித்துப்போய் மரமேறின.

பிறகு, பெட்ரோலுக்காக அல்ல,
அவர் செய்வாரே என்பதற்காக மட்டும்
பின்னால் போய் மூடியைத் திருகினேன்.
உஸ்ஸ்ஸ்.

விட்ட மூச்சில்லை, இழுத்த மூச்சு.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். ஆகாய நீலம்.
நடுவில் ஒரு குண்டூசித் தலையளவு பள்ளம்,
பெயிண்ட்டால் நிரம்பிப் பளபளவென்று.
பெயிண்டர் தங்கராசு அன்றே கேட்டார்:
"மூடிக்குமாக்கா?"
"மூடிக்கும். மூன்று கோட்."

கொண்டை ஊசி வளைவில் நின்று
கொண்டையிலிருந்து ஊசியை உருவினேன்.
தனியாகச் சிரித்தேன். நுழையவில்லை, தடிமன்.
முந்தானையில் குத்திய ஊக்கு நுழைந்தது.
நீலத் துகள் ஒன்று
விரல் நகத்தில் வந்து ஒட்டியது.

எட்டு. ஒன்பது. பத்து.
இரண்டாவது கியரை இடது கையால்
அமுக்கிப் பிடித்தபடியே
இருபதாவது வளைவும் ஏறினேன்.
தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

ஏரிக்கரையில் நிறுத்திப் போன் செய்தேன்.
அந்தப் பக்கம் பேரனின் அழுகை, மேளம்.
முழுதும் சொன்னேன்.
கொஞ்ச நேரம் மேளம் மட்டும் கேட்டது.
"அப்ப அந்த ஈரத்துணி?" என்றார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
"எதுக்கும் இருக்கட்டும்க்கா,
தூக்கிப் போட்டுடாதீங்க."